நாற்பத்தொன்றாம் கட்டத்துக்காரர்

நகராட்சியில் இனி எதையும் மறைக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, மறைப்பதற்கென்றே ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் மையக்கா.

யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பின் நகலையும் கேட்கலாம், கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதற்குள் இன்னொருவரின் பெயர், விலாசம், வண்டி எண், ஆளை அடையாளம் காட்டும் எதுவாவது இருந்தால் அதைக் கறுப்பு மையால் அடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அடிப்பதற்கு முன் படிக்க வேண்டும். ஆக, யாரும் படிக்கக் கூடாத வரிகளை ஒருத்தி மட்டும் ஒன்று விடாமல் படிக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டத்துக்குப் பொருள். மையக்கா அதைச் சம்பளத்துக்குச் செய்துவந்தாள். மை பூசிய இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து லேசாகத் தெரியும். அதனால் அடித்த தாளை ஜெராக்ஸ் எடுத்து, நகலைத்தான் வெளியே அனுப்புவாள். ஆள்காட்டி விரல் நுனியில் குடியேறிய கறுப்பு எந்த சோப்புக்கும் அசையவில்லை. அலுவலகத்தில் அவளுடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. செத்தவர்களுக்கு அந்தரங்கம் கிடையாது. உயிரோடு இருப்பவரின் மூக்கு கோணல் என்று ஒரு கோப்பில் இருந்தால் அடிக்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் மூக்கு பொதுச்சொத்து. சந்தேகம் வந்தால் மையக்கா கீழ்த்தளத்தில் பிறப்பு இறப்புப் பதிவைப் பார்க்கும் எழுத்தருக்கு போன் போடுவாள். அவரை எல்லாரும் ஜனனமரணம் என்றே கூப்பிட்டார்கள். 

"இந்த ஆளு இருக்காரா பாருங்க."

"இருங்க... ஆங், போயிட்டாரு. போன மழைக்கே."

"சரி, வெக்கிறேன்." பேனா மூடியைத் திருகி மூடிவிடுவாள்.

வருகிற கோரிக்கைகளில் பாதிக்கு மேல் பார்க்கிங் அபராதம் பற்றியவை. நாட்டில் கற்பனை வளம் குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் அந்த அபராதங்களை எதிர்த்து வரும் மேல்முறையீடுகளைப் படித்ததில்லை. எச்சரிக்கைப் பலகையை மரம் மறைத்தது என்று எழுதி, சாட்சிக்கு அந்த மரத்தின் இலை ஒன்றைத் தைத்து அனுப்பியவர் உண்டு. வண்டியை நிறுத்தியது நானில்லை, என்னைப் போலவே இருக்கும் என் தம்பி என்று சொன்னவர் உண்டு. அந்தத் தம்பியும் தனியாக, நிறுத்தியது அண்ணன்தான் என்று எழுதியிருந்தான். இவற்றை விசாரிக்கும் அதிகாரிக்குத் தள்ளுபடி சார் என்று பெயர். அவர் எதையும் இரண்டாம் முறை படித்ததாக வரலாறு இல்லை.

ஒரு திங்கட்கிழமை பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கை வந்தது. மருந்துக் கிடங்குக்குப் பின்னால் போகும் ஒருவழிப் பாதையில் நாற்பத்தொன்றாம் எண் பார்க்கிங் கட்டத்தை ஒட்டிப் போடப்பட்ட அபராதங்கள், அவற்றின் மேல்முறையீடுகள், அபராதச் சீட்டு கிழித்த ஊழியர் எடுத்த படங்கள் எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்றது. மையக்கா உறையைத் திருப்பி அனுப்புநர் விலாசத்தைப் பார்த்தாள். அது அவளுடைய வீட்டு விலாசம்.

எழுதியவள் அவளுடைய தம்பி மனைவி. இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அன்று காலைகூடக் குழாய் சொட்டுவதற்கு யார் ஆள் கூப்பிடுவது என்று பேசியிருந்தார்கள். தம்பி மனைவி கட்டிக் கொடுத்த டிபன் டப்பா அந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

தம்பிக்கு வீட்டில் 'இதோ' என்று பெயர். எங்கே கிளம்பினாலும் "இதோ கிளம்பிட்டேன்" என்பான். சொன்ன பிறகுதான் உட்காருவான். காரில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, சட்டைப்பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தைச் சீவுவான். தலையை அல்ல, புருவத்தை. பின்னால் நிற்கும் வண்டிக்காரன் ஹாரன் அடித்தால் திரும்பிப் பாராமல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவான்: ரெண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷம் எந்தக் கடிகாரத்திலும் இல்லாதது. மையக்கா தினமும் கீழே இறங்கிப் போய்க் கார் கூரையில் உள்ளங்கையால் டப் டப் என்று இரண்டு தட்டு தட்டி, "எடுடா வண்டிய" என்றால்தான் நகர்வான். பெண்டாட்டி சொல்லி நகர்ந்ததில்லை, முதலாளி சொல்லி நகர்ந்ததில்லை. அக்காவின் இரண்டு தட்டுக்கு மட்டும் அந்த இளம்பச்சை வண்டி கட்டுப்பட்டது.

ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. வண்டி நாற்பத்தொன்றாம் கட்டத்தில் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் சீப்பு கிடந்தது. ஆள் மட்டும் இல்லை. தேட வேண்டிய இடமெல்லாம் தேடினார்கள். கடன் இல்லை, சண்டை இல்லை, வேறு பெண் இல்லை. காரணம் கிடைக்காத வீடு காரணம் கிடைத்த வீட்டைவிட மெதுவாகத்தான் அழுகிறது. வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. வருஷங்கள் ஓடின.

மேலதிகாரியிடம் மையக்கா முறைப்படி சொன்னாள். "சார், இது எங்க வீட்டு மனு. நான் பாக்கக் கூடாது."

"உங்க வீட்டு மனுவா? ரொம்ப நல்லதாப் போச்சு. விலாசம் சரியான்னு விசாரிக்க வேண்டாம் பாருங்க."

சாயங்காலம் வீட்டில் மையக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"தபால் வந்துச்சு."

"வந்துச்சா அண்ணி."

"இங்கேயே கேட்டிருக்கலாமில்ல? தபால் செலவாச்சும் மிச்சம்."

"இங்க கேட்டா அவரோட அக்காவா பதில் சொல்லுவீங்க. அங்க கேட்டா ஆபீசரா சொல்லித்தானே ஆகணும்?"

மையக்கா அடுப்பைத் தணித்தாள். தம்பி மனைவி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். கை நடுங்காமல் பேசும் பழக்கம் உண்டு.

"போன மாசம் ஒருத்தர் ரத்தம் குடுக்க வந்தாரு. ஊசி போடும்போது பயம் தெரியக் கூடாதுன்னு பேசிட்டே இருந்தாரு. கிடங்குக்குப் பின்னால எவனோ ஒருத்தன் எடுக்கறேன் எடுக்கறேன்னு ஏமாத்திட்டானாம், இவருக்கு ஃபைன் விழுந்துதாம். 'உக்காந்து புருவத்த சீவிட்டிருக்காம்மா'ன்னாரு. அவரு கையில கட்டு போடவே மறந்துட்டேன் அண்ணி, சட்டையெல்லாம் ரத்தம்."

குழாய் சொட்டிற்று.

"மருந்துக்கடைக்காரரு இன்னும் காத்துட்டுதான் இருக்காரு," என்றாள் அவள். அந்த மருந்துக்கடைக்காரர் மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன். இவளை மறுமணத்துக்குக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவசரப்படாதவர். "சட்டம் சொன்ன வருஷமெல்லாம் முடிஞ்சிருச்சு. கோர்ட்ல போய், இத்தனை வருஷமா யாருமே அவரப் பாக்கலன்னு நான் சத்தியம் பண்ணணும். பண்ணிட்டா அவரு செத்தவரு, நான் புதுசா ஆரம்பிக்கலாம். பாத்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படி அண்ணி பண்றது? இருக்காருன்னா இருக்கேன். இல்லன்னா போறேன். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"பாக்கறேன்," என்றாள் மையக்கா. அலுவலகத்துக் குரலில் வந்துவிட்டது. இருவருக்கும் அது கேட்டது.

மறுநாள் ஆவண அறையில் ஜன்னலோர மேஜையில் அவள் கட்டைப் பிரித்தாள். நல்ல பகல், வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் மேல்முறையீடு ஓர் ஆசிரியருடையது. கட்டத்தில் ஒரு பச்சை வண்டி நின்றது, எஞ்சின் ஓடிற்று, பின்விளக்கு எரிந்தது. உள்ளே இருந்தவர் இரண்டு விரலைக் காட்டினார். கிளம்பப் போகிறார் என்று பின்னால் காத்திருந்தேன். பாதையை மறித்ததாக அபராதம் போட்டது அநியாயம். இரண்டாவது ஒரு தையல்காரருடையது. மூன்றாவது ஒரு பல் மருத்துவர். நான்காவது வெளியூர்க்காரர் ஒருவர், இந்த ஊர்ப்பக்கமே அதற்கு முன் வராதவர். எழுத்து வேறு, கோபம் வேறு, எழுத்துப் பிழைகள்கூட வேறு வேறு. பச்சை வண்டியும் விரலும் மட்டும் மாறவில்லை. பலர் சீப்பைக் கவனித்திருந்தார்கள். "சீட்டை வாங்கிவிட்டுத் திரும்பினால் வண்டியைக் காணோம், கிளம்பிய சத்தமும் கேட்கவில்லை" என்பது எல்லாக் கடிதத்திலும் ஏதோ ஒரு மூலையில் இருந்தது. அந்த வண்டி பழைய இரும்புக்குப் போனதற்குப் பிறகு எழுதப்பட்டவை எல்லாமே.

ஒவ்வொன்றின் அடியிலும் தள்ளுபடி சாரின் கையெழுத்தில் ஒரே வாக்கியம்: 'படத்தின்படி கட்டம் காலியாக உள்ளது. மனுதாரர் அதிலேயே நிறுத்தியிருக்கலாம். தள்ளுபடி.'

அவர் பொய் எழுதவில்லை. படங்களில் கட்டம் காலிதான். காலியான கட்டத்துக்குப் பின்னால் ஒரு வண்டி இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு, சமர்த்தாக, மரியாதையான இடைவெளி விட்டுக் காத்திருக்கிறது. அடுத்த படத்தில் வேறு வண்டி, வேறு வருஷம், அதே இடைவெளி. ஓட்டுகிறவர்களின் முகம் எல்லாப் படத்திலும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது, இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்க்கிற உயரத்தில். ஒரு பெண் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, மெதுவா எடுங்க என்கிற புன்னகை.

மையக்கா ஒரு படத்தில் வெகுநேரம் நின்றாள். மழைக்காலத்துப் படம். தெரு முழுக்க நனைந்து பளபளத்தது, ஓரத்தில் தண்ணீர் ஓடிற்று. நாற்பத்தொன்றாம் கட்டத்தின் நடுவில் ஒரு கார் அளவுக்கு, செவ்வகமாக, தரை காய்ந்திருந்தது.

காற்றடிக்கும் சத்தம் நின்றுவிட்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள். எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். பகல் வெளிச்சத்தில் விளக்கு ஒன்றும் கூட்டிவிடவில்லை.

இத்தனை வருஷம் இந்தக் காகிதங்கள் இதே கட்டடத்தில்தான் இருந்தன. யாரும் சேர்த்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். மனுதாரருக்குத் தன் மனு மட்டும் தெரியும், தள்ளுபடி சாருக்கு எதுவும் தெரியாது.

இப்போது பேனாவை எடுத்தாக வேண்டும். பெயர்களை அடித்தாள். வண்டி எண்களை அடித்தாள். 'புருவம் சீவிக்கொண்டிருந்த ஆள்' என்ற இடத்தில் கை நின்றது. அது மூன்றாம் நபரின் அடையாளம். ஆள் இருந்தால் அடிக்க வேண்டும். அடித்தால், இருக்கிறார் என்று நகராட்சி சொன்னதாக ஆகிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி மனைவி சத்தியம் செய்ய மாட்டாள். மருந்துக்கடைக்காரர் காத்திருப்பார், அவள் காத்திருப்பாள், எல்லாரும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அடிக்காமல் விட்டால், ஆள் இல்லை. தம்பியை இல்லை என்று சொல்லும் முதல் ஆள் அவனுடைய அக்காவாகவே இருப்பாள்.

கீழ்த்தளத்துக்கு போன் போட்டாள். பெயரைச் சொன்னதும் ஜனனமரணம் யார் என்று கேட்கவில்லை. அவருக்கு விஷயம் தெரியும்.

"பதிவு இல்லக்கா."

"அப்ப இருக்கான்னு எடுத்துக்கலாமா?"

"இல்லன்னு பதிவு இல்லக்கா. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதீங்க."

அவர் போனை வைக்கவில்லை. மையக்காதான் வைத்தாள்.

விடுமுறை நாளில் மத்தியானம் மையக்காவே சொன்னாள். "வண்டிய எடு. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்." மையக்காவுக்கு ஓட்டத் தெரியாது. தம்பி மனைவி தன் சின்னக் காரை ஓட்ட, மையக்கா பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வழியில் இருவரும் சிக்னலைப் பற்றியும் சாலைக் குழிகளைப் பற்றியும் விரிவாகப் பேசினார்கள்.

கிடங்குக்குப் பின்னால் உயரமான சுவர், சுவரோரம் கட்டங்கள். வெயில் தரையில் நேராக விழுந்தது. எல்லாக் கட்டத்திலும் வண்டிகள் இருந்தன, நாற்பத்தொன்றைத் தவிர. அதில் ஒரு எண்ணெய்க் கறையும் நசுங்கிய காகிதக் கோப்பையும் இருந்தன. மையக்காவுக்குப் பெருமூச்சு வந்தது. நிம்மதியா ஏமாற்றமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வதற்குள் கார் நின்றுவிட்டது. மரியாதையான இடைவெளி விட்டு நின்றது. இண்டிகேட்டர் டிக் டிக் என்றது.

"ஏன் நிறுத்திட்ட? போடு உள்ள, காலியாத்தானே கெடக்கு."

தம்பி மனைவியின் முகம் திரும்பியிருந்தது. படங்களில் இருந்த அதே பக்கம், அதே உயரம்.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "சீவிட்டிருக்காரு."

மையக்கா பார்த்தாள். கறை, கோப்பை, வெயில். இடம் தேடி வருகிறவர்களுக்குத்தான் அவன் தெரிகிறான் போலும். சீட்டு கிழிக்க நடந்து வருகிறவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவள் எந்த வண்டியையும் எங்கேயும் நிறுத்த வேண்டியிருந்ததில்லை.

"நரைச்சிருச்சு அண்ணி அவருக்கு. இல்ல, இல்ல... வெயில் படுது. அப்படியேதான் இருக்காரு." அவள் தானாகக் கையை உயர்த்தினாள், பாதியில் இறக்கினாள். "பாத்துட்டாரு. கண்ணாடியில பாத்துட்டாரு."

"என்ன பண்றான்?"

"ரெண்டு விரல காட்றாரு."

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது.

"என்னைத் தெரியல அண்ணி. யாரோ ஒருத்தி நிக்கறான்னு காட்றாரு." அவள் அழவில்லை. கைகள் ஸ்டியரிங்கில் பத்து மணி, இரண்டு மணி நிலையில், லைசென்ஸ் தேர்வுக்கு வந்தவள் போல இருந்தன. "நான் இன்னும் வெயிட் பண்ணட்டுமா?"

உண்மையாகவே கேட்டாள். பண்ணு என்றால் பண்ணியிருப்பாள். மையக்காவின் வாயில் அந்தச் சொல் இருந்தது. இத்தனை வருஷம் அவளிடம் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்த சொல் அதுதான்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தது.

மையக்கா கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். வெறும் கட்டத்துக்குள் நடந்தாள். வெயிலில் நடந்தவளுக்கு ஒரு எட்டு எடுத்ததும் முழங்காலில் சூடு மாறிற்று, எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பதைப் போல. கூரை எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போயிற்று.

டப். டப்.

காற்றில் தட்டிய கைக்குச் சத்தம் வரக் கூடாது. வந்தது. உள்ளங்கை சுட்டது.

"எடுடா வண்டிய," என்றாள். குரல் உடையக் கூடாது என்று அதட்டலாகவே சொன்னாள். "எவ்வளவு நேரம்டா ஒருத்தி நிப்பா? போடா."

எதுவும் நடக்கவில்லை. பிறகு அவளுடைய கணுக்காலில் வெதுவெதுப்பாக ஒரு காற்று பட்டது. காகிதக் கோப்பை தானாக உருண்டு சுவரோரம் போய் நின்றது. முழங்காலில் இருந்த சூடு விலகியது. மறுபடி சாதாரண வெயில்.

"யம்மா!" என்று கத்தினார் பின்னாலிருந்தவர், தலையை வெளியே நீட்டி. "காலியாத்தானே கெடக்கு! போட வேண்டியதுதானே? நடுரோட்டுல வேண்டுதலா?"

தம்பி மனைவி வண்டியை மெதுவாக உருட்டி, கோட்டைத் தொடாமல், கட்டத்துக்குள் நேராக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். இண்டிகேட்டரை அணைக்க மட்டும் மறந்துவிட்டாள்.

"போயிட்டாரா?" என்று கேட்டாள் மையக்கா, ஜன்னலில் குனிந்து.

"போயிட்டாரு அண்ணி. போகும்போது கண்ணாடிய சரி பண்ணிட்டுப் போனாரு."

அடுத்த வேலை நாளில் மையக்கா கட்டை முடித்தாள். மனுதாரர்களின் பெயர், விலாசம், வண்டி எண் எல்லாம் கறுப்பு. பச்சை வண்டி, இரண்டு விரல், சீப்பு, புருவம் எல்லாம் வெள்ளைத் தாளில் அப்படியே. மேலதிகாரி புரட்டிப் பார்த்தார். தவறு கண்டுபிடிப்பதில் அவருக்கு எப்போதாவது ஒரு முறை வெற்றி கிட்டும்.

"மையக்கா, இந்தப் புருவக்காரனோட அடையாளம் அடிக்காம விட்டிருக்கீங்களே?"

"தேவையில்ல சார்."

"ஏன், ஆளு இல்லையா?"

அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அங்கே ஒரு சிவப்பு இன்னும் ஆறாமல் இருந்தது.

"இல்ல சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும் கிளிக் சத்தம் அறை முழுக்கக் கேட்டது போல அவளுக்கு இருந்தது.

பதில் பதிவுத் தபாலில் போயிற்று. தபால்காரர் வந்தபோது தம்பி மனைவி வேலையில் இருந்தாள். விடுப்பில் இருந்த மையக்காவே தான் அனுப்பியதைத் தானே கையெழுத்திட்டு வாங்கி, டைனிங் டேபிளில் வைத்து, பறந்துவிடாதபடி மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். சாயங்காலம் தம்பி மனைவி உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் படித்தாள். படித்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"அவரு வர்ற எடத்துல மட்டும் மையே இல்லையே அண்ணி."

"ஆமா."

அவள் தாள்களை அடுக்கி உறைக்குள் போட்டாள். பிறகு எழுந்து போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கித் திருகினாள். அது அப்படியும் சொட்டிற்று.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய காலை அவள் நல்ல புடவை கட்டி, கீழே இறங்கி, காரில் உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடும் சத்தம் மாடிக்குக் கேட்டது. வெகுநேரம் கேட்டது. வண்டி நகரவில்லை. மையக்கா ஈரக் கையோடு படியிறங்கினாள். தம்பி மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். மையக்கா கார் கூரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

"எடும்மா வண்டிய."

தகரம், காலை நேரத்துத் தகரம் இருக்க வேண்டியபடி, சில்லென்று இருந்தது. வண்டி கிளம்பிப் போயிற்று.